மாமன்னர் ஹான் வூ: சீனச் சரித்திரத் தொடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனச் சரித்திரத் தொடர்களுக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தத் தொடரைத்தான். பார்க்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவும் இதில் வரும். நடந்து 2,100 ஆண்டுகள் ஆகிவிட்டதால் எதையும் மறைக்கவில்லை.

இது எந்தத் தொடர்? யாருடைய கதை?

2005 ஜனவரியில் சீன மத்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 58 அத்தியாயத் தொடர். சீனப் பெயர் ‘ஹான் வூ டா டி’. இயக்கியவர் ஹூ மெய் என்ற பெண் இயக்குநர், எழுதியவர் ஜியாங் சிதாவ். கதாநாயகன் ஹான் வம்சத்துப் பேரரசர் வூ. பிறந்தது கி.மு. 156, அரியணை ஏறியது 141, இறந்தது 87. ஆக 54 ஆண்டு ஆட்சி. சீனாவில் அவரைவிட நீண்ட காலம் ஆண்ட ஒருவர் வர, 17ஆம் நூற்றாண்டில் காங்ஷி பேரரசர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வளர்ந்த வூவாக நடித்தவர் சென் பாவோகுவோ. அப்பா ஜிங் பேரரசராக ஜியாவ் ஹுவாங். பாட்டி தோவாக தைவான் நடிகை குய் யாலெய். இந்த மூவருக்காகவே தொடரைப் பார்க்கலாம்.

பெயர்கள் தலையைச் சுற்றுகின்றன. ஒரே ஆளுக்கு எத்தனை பெயர்?

நாயகனின் சொந்தப் பெயர் லியூ சே. ‘வூ’ என்பது இறந்த பிறகு சூட்டப்பட்ட பட்டம், உயிரோடு இருந்தபோது யாரும் அவரை அப்படி அழைத்ததில்லை. அப்பாவின் ‘ஜிங்’, தாத்தாவின் ‘வென்’ இரண்டும் அப்படியே. குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். லியூ என்று தொடங்கினால் அரச குடும்பம். தோவ், வாங், வெய் என்று தொடங்கினால் பெரும்பாலும் பெண் கொடுத்த வீடுகள். மீதிப் பெயர்களைப் பத்து அத்தியாயத்துக்குள் முகத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடுவீர்கள்.

முதல் காட்சியில் கிழட்டுப் பேரரசர் ஒருவரோடு வாக்குவாதம் செய்கிறாரே, அந்த ஆள் யார்?

சிமா சியான். சீன வரலாற்றெழுத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். புராண காலத்து மஞ்சள் பேரரசரிலிருந்து தன் காலம் வரை 130 அத்தியாயங்களில் ஒரு வரலாறு எழுதினார். அதைப் படித்துவிட்டுக் கோபத்தில் உடம்பே சரியில்லாமல் போய்விட்டது என்று பேரரசர் அந்தக் காட்சியில் சொல்வார்.

அப்படி ஒரு சந்திப்பு நடந்ததாக எந்தப் பதிவும் கிடையாது. ஆனால் தொடக்கத்தில் அந்தக் காட்சியை வைத்தது சாமர்த்தியம். மொத்தத் தொடரும் இந்த இரண்டு பேருக்கும் நடுவிலான வழக்குதான். சம்பவங்களில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் சிமா சியான். அந்தச் சம்பவங்களுக்குத் தொடர் சொல்லும் தீர்ப்போ பேரரசருக்குச் சாதகமானது. ஒரு நாட்டுக்கு அதுவரை இல்லாத கௌரவத்தைக் கொடுத்தார், ஓர் இனத்துக்குத் தன்னம்பிக்கை கொடுத்தார் என்ற பொருளில் தொடக்கத்திலேயே எழுத்து ஓடும். அந்த வரிகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் தொடரை இரண்டாவது முறையும் பார்த்தேன். காரணம், திரையில் வரும் சம்பவங்கள் அந்த வரிகளுக்கு அடங்குவதில்லை.

இன்னொரு விசேஷம். சிமா சியான் நூலில் வூவின் ஆட்சியைச் சொல்ல வேண்டிய அத்தியாயம் இன்று நம் கையில் இல்லை. அந்த இடத்தில் இருப்பது, அதே நூலில் யாகங்களையும் பலிகளையும் பற்றிச் சொல்லும் வேறொரு அத்தியாயத்தின் நகல். அசல் எங்கே போனது என்பதற்கு, பேரரசர் படித்துவிட்டு அழித்துவிட்டார் என்று ஒரு பழைய கதை உலவுகிறது. அதனால் வூவின் பிற்காலத்துக்கு, கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கூ எழுதிய ஹான் வரலாற்றைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

நாயகன் வரவே இல்லையே! அப்பா கதைதானே ஓடிக்கொண்டிருக்கிறது?

ஆமாம், நெடுநேரம் ஓடும். தயவுசெய்து தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். என் கணக்கில் தொடரின் ஆகச் சிறந்த பகுதியே அதுதான்.

ஜிங் இளவரசராக இருந்தபோது, தெற்கே வூ என்ற நாட்டின் (நாயகன் பட்டத்தோடு சம்பந்தமில்லை) சிற்றரசர் லியூ பீயின் மகனோடு பலகை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். தகராறு முற்றி, பலகையைத் தூக்கி அடித்ததில் அந்தப் பையன் செத்துப்போனான். உடலைத் தந்தைக்கு அனுப்பினார்கள். நாடெல்லாம் ஒரே குடும்பம் என்றால் தலைநகர் சாங்கானில் செத்தவனைச் சாங்கானிலேயே புதையுங்கள் என்று லியூ பீ திருப்பி அனுப்பிவிட்டார். அவரிடம் செம்பு இருந்தது, சொந்த நாணயச் சாலை இருந்தது, கடலுப்பு இருந்தது. வருடக்கணக்காகப் பொறுத்திருந்தார். சிற்றரசர்களின் நிலத்தை வெட்டிச் சுருக்கலாம் என்று அமைச்சர் சாவ் சுவோ யோசனை சொன்னதும், கி.மு. 154இல் ஏழு நாடுகள் சேர்ந்து கிளம்பின.

ஜிங் என்ன செய்தார்? அந்த அமைச்சரைப் பலி கொடுத்தால் கலகம் அடங்கும் என்று ஒருவர் சொன்னதை நம்பினார். ஜிங் இளவரசராக இருந்த காலத்திலிருந்தே அவருக்கு வழிகாட்டி சாவ் சுவோ. அவரை அரசவைக்கு என்று சொல்லி அழைத்துப் போய், அரசவை உடுப்போடு சந்தையில் வெட்டினார்கள். கலகம் அடங்கவில்லை. கடைசியில் சோவ் யாஃபூ என்ற தளபதி மூன்று மாதத்தில் அதை அடக்கினார்.

அந்தச் சோவ் யாஃபூவின் முடிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகள் கழித்து ஜிங் அவரை விருந்துக்கு அழைக்கிறார். முன்னால் ஒரு பெரிய இறைச்சித் துண்டு மட்டும் இருக்கிறது. நறுக்கப்படவில்லை, சாப்பிடக் குச்சிகளும் இல்லை. தளபதி முகம் சுளித்துப் பரிமாறுபவரிடம் குச்சி கேட்கிறார். இதுவும் உமக்குப் போதவில்லையா என்று பேரரசர் சிரிக்கிறார். தளபதி எழுந்து வெளியே போகிறார், ஜிங் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த ஆளைச் சின்னப் பையனான என் வாரிசு எப்படிச் சமாளிப்பான் என்ற கணக்கு அந்தப் பார்வையில் இருக்கிறது. அப்புறம் தளபதியின் மகன் தன் அப்பாவின் ஈமச்சடங்குக்கு 500 கவசம் வாங்கியதைக் காட்டி வழக்குப் போட்டார்கள். மண்ணுக்கு மேல் கலகம் செய்யாவிட்டாலும் மண்ணுக்குக் கீழே செய்ய நினைத்தீர் என்றார் விசாரணை அதிகாரி. சோவ் யாஃபூ சிறையில் ஐந்து நாள் உண்ணாமல் கிடந்து, ரத்தம் கக்கி இறந்தார்.

வூ பிற்காலத்தில் யாரை எப்படிக் கொன்றார் என்று அதிர்ச்சி அடைபவர்கள் இந்த அப்பாவைப் பார்க்காமல் தாண்டியவர்களாகத்தான் இருப்பார்கள்.

தோவ் பாட்டி அவ்வளவு அதிகாரம் உள்ளவரா, இல்லை தொடர் மிகைப்படுத்துகிறதா?

மிகையே இல்லை. பார்வையிழந்த பாட்டி, மூன்று பேரரசர்களைக் கண்டவர். கணவர் வென், மகன் ஜிங், பேரன் வூ. இளைய மகனான லியாங் நாட்டரசர் மீது அவருக்கு உயிர். ஒருநாள் குடிபோதையில், எனக்குப் பிறகு தம்பிதான் என்று ஜிங் வாய்விட்டுவிட, பாட்டி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பழைய சீன ஞானி லாவோட்சுவின் நூல்தான் பாட்டிக்கு வேதம். அரசு கைகட்டி இருந்தாலே மக்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது அந்தக் கட்சி. யுவான் கூ என்ற கன்பூசியப் பண்டிதர் அந்த நூலை வேலைக்காரர்கள் பேச்சு என்று சொல்லிவிட்டார். பாட்டி அவரைப் பன்றிப் பட்டிக்குள் இறக்கிப் பன்றியோடு சண்டை போடச் சொன்னார். கிழவரைக் காப்பாற்ற ஜிங் ஒரு கூரான கத்தியைக் கொடுக்க, அவர் ஒரே குத்தில் பன்றியைச் சாய்த்துவிட்டார். பாட்டியால் பதில் பேச முடியவில்லை.

பதினைந்து வயதில் பட்டத்துக்கு வந்த பேரன் கன்பூசியப் பண்டிதர்களை வைத்துச் சீர்திருத்தம் தொடங்கினார். இனி எல்லாவற்றையும் பாட்டியிடம் சொல்ல வேண்டியதில்லை என்று ஓர் அமைச்சர் எழுதிக் கொடுத்தார். கி.மு. 139இல் பாட்டி ஒரே வீச்சில் எல்லாவற்றையும் நிறுத்தினார். இரண்டு அமைச்சர்கள் சிறையில் தற்கொலை செய்துகொண்டார்கள். பேரன் வாயை மூடிக்கொண்டு வேட்டைக்குப் போய்விட்டார். 135இல் பாட்டி கண்ணை மூடிய பிறகுதான் வூவின் ஆட்சி உண்மையில் தொடங்குகிறது.

குய் யாலெய் இதில் கண்ணால் எதையும் சொல்ல முடியாத பாத்திரத்தைக் குரலாலும் விரலாலுமே நடித்துத் தள்ளியிருக்கிறார். நம் ஊர் மெகா சீரியல் மாமியார்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இவர் பெரிய ஆறுதல்.

‘ஆஜியாவுக்குத் தங்க வீடு கட்டித் தருவேன்’ என்று சின்னப் பையன் சொன்னது நிஜமா?

பிற்காலக் கதைத் தொகுப்பு ஒன்றில் வருவது, வரலாற்று நூல்களில் இல்லை. பின்னணி மட்டும் நிஜம். ஜிங்கின் அக்கா குவான்தாவ் இளவரசி தன் மகள் ஆஜியாவை வாரிசுக்குக் கட்டிவைக்க முயன்றார். அப்போதைய இளவரசரின் தாய் லி சீமாட்டி மறுத்தார். வூவின் தாய் வாங் சீமாட்டி சம்மதித்தார். லி சீமாட்டியின் மகன் பதவி இழந்தார், கி.மு. 150இல் குட்டிப் பையன் வூ இளவரசர் ஆனார். அவ்வளவுதான் கணக்கு.

வாங் சீமாட்டி அரண்மனைக்கு வருமுன் வேறொருவரைக் கட்டி ஒரு மகளும் பெற்றவர். வூ பேரரசரான பிறகு அந்த அக்காவைத் தேடிப் படையோடு போனார். ஏதோ ஆபத்து என்று பயந்து அந்த அம்மாள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டார். வெளியே இழுத்து வந்தபோது, அக்கா, இவ்வளவு ஆழமாக ஏன் ஒளிந்தீர்கள் என்று கேட்டாராம் பேரரசர். வூவிடம் இப்படியும் ஒரு முகம் இருந்தது.

ஆஜியாவுக்குக் குழந்தை இல்லை. கி.மு. 130இல் சூனிய வழக்கில் பட்டத்தரசிப் பதவியை இழந்தார். அந்த வழக்கில் 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அடுத்த பட்டத்தரசி வெய் ஜிஃபூ, பேரரசரின் இன்னோர் அக்காவான பிங்யாங் இளவரசி வீட்டில் பாடகியாக இருந்தவர்.

சியோங்னு என்பவர்கள் யார்? எதற்கு இவ்வளவு நீண்ட போர்?

வடக்கே புல்வெளியில் ஆண்ட குதிரைவீரர்களின் பேரரசு. கி.மு. 200இல் ஹான் வம்சத்தை நிறுவிய காவ்ட்சுவையே பைதெங்கில் ஏழு நாள் முற்றுகையிட்டவர்கள். அதிலிருந்து தப்பிய ஹான் அரசு பெண்ணும் பட்டும் தானியமும் அனுப்பிச் சமாதானம் வாங்கியது. வூ காலம் வரை ஏறக்குறைய 65 ஆண்டு இதே ஏற்பாடுதான்.

தொடரில் வூவின் அக்கா நங்கோங் இளவரசியை அப்படி அனுப்புகிறார்கள். பார்ப்பவர் நெஞ்சு பதறும். வரலாற்றில் நங்கோங் உள்நாட்டிலேயே ஒரு பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டவர். ஜிங் காலத்தில் ஒரு பெண்ணை அனுப்பியது உண்மை, பெயர் பதிவாகவில்லை. பெயரில்லாத இடத்தில் நாயகனின் அக்காவைப் பொருத்தினால் போருக்குச் சொந்தக் காரணம் கிடைத்துவிடுகிறது. திரைக்கதைக்கு நல்லது, வரலாற்றுக்கு அவ்வளவு நல்லதில்லை.

முதல் முயற்சி படுதோல்வி. கி.மு. 133இல் மாயி என்ற ஊரில் மூன்று லட்சம் பேரை ஒளித்துவைத்துப் பொறி வைத்தார்கள். சியோங்னு அரசர் ஒரு லட்சம் குதிரையோடு வந்தவர் வழியில் நின்றுவிட்டார். மேய்ச்சல் நிலம் எங்கும் மாடுகள், ஆனால் ஒரு மேய்ப்பன்கூட இல்லை. சந்தேகப்பட்டு ஒரு காவல் அதிகாரியைப் பிடித்து விசாரித்தால் விஷயம் வெளியே வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

போர்க் காட்சிகள் எப்படி? வெய் சிங்கும் ஹுவோ சூபிங்கும் அவ்வளவு பெரிய வீரர்களா?

காட்சிகள் 2005ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிக்கு நன்று, இன்றைய கண்ணுக்குச் சுமார்.

ஆட்கள் நிஜமாகவே பெரியவர்கள். வெய் சிங் பட்டத்தரசியின் தம்பி. அடிமைத் தாய்க்குப் பிறந்து ஆடு மேய்த்தவர். ஹுவோ சூபிங் இருவருக்கும் அக்கா மகன். பதினெட்டு வயதில் 800 குதிரைவீரர்களோடு எதிரி எல்லைக்குள் புகுந்தவன். கி.மு. 121இல் மேற்கு நோக்கிய கான்சு வழிப்பாதையைப் பிடித்தான். பேரரசர் மாளிகை கட்டித் தந்தபோது, சியோங்னு ஒழியாமல் எனக்கு வீடு எதற்கு என்றான். சீனாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வசனம் அது. கி.மு. 117இல், 23 வயது சுமாருக்கு இறந்துபோனான்.

சிமா சியான் இவனைப் பற்றி இன்னொன்றும் எழுதிவைத்திருக்கிறார். பேரரசர் அவனுக்கென்று வண்டி வண்டியாக உணவு அனுப்புவார். திரும்பும்போது மிஞ்சிய தானியமும் இறைச்சியும் கொட்டப்படும், படைவீரர்களில் பசியோடு இருப்பவர்கள் உண்டு. எழுந்து நிற்கவே முடியாமல் அவர்கள் கிடந்தபோது இவன் பந்து விளையாடத் திடல் போட்டானாம். தொடரின் ஹுவோ சூபிங்கை ரசிக்கும்போது இதையும் ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கி.மு. 119இல் கோபி பாலைவனத்தைத் தாண்டிப் போய் அடித்ததுதான் உச்சம். மாமனுக்கும் மருமகனுக்கும் ஆளுக்கு 50,000 குதிரைப்படை. எல்லை தாண்டிய குதிரைகள் 1,40,000, திரும்பியவை 30,000கூட இல்லை. வென்றது ஹான்தான். ஆனால் குதிரை இல்லாததால் அடுத்த பல ஆண்டுகள் பெரிய படையெடுப்பு நடத்த முடியவில்லை.

லி குவாங் ஏன் கழுத்தை அறுத்துக்கொள்கிறார்?

அதே கி.மு. 119 படையெடுப்பில், அறுபது வயது தாண்டிய அவரை முன்னணியிலிருந்து விலக்கிக் கிழக்கு வழியாக வரச் சொன்னார் வெய் சிங். வழிகாட்டி இல்லாமல் பாதை தவறித் தாமதமாக வந்து சேர்ந்தார். வாழ்நாளில் எழுபதுக்கும் மேற்பட்ட சண்டை கண்ட நான் இந்த வயதில் எழுத்தர்கள் முன்னால் நின்று பதில் சொல்வதா என்று சொல்லிவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். சிமா சியானுக்கு அவர் மீது அளவு கடந்த பிரியம். வெற்றிக் கணக்கு மட்டும் பார்த்தால் வெய் சிங்குக்கு அருகில்கூட வர மாட்டார்.

இத்தனை போருக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

தொடரில் வீரத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தக் கேள்விக்குக் கிடைத்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

தாத்தாவும் அப்பாவும் வரி குறைத்து, சிக்கனமாக ஆண்டு சேர்த்தது கருவூலத்தில் நிறைந்து கிடந்தது. காசு கோத்த கயிறுகள் இற்றுப்போய் எண்ண முடியாமல் இருந்ததாகவும், களஞ்சியத்தில் பழைய தானியத்தின் மேல் புதியது குவிந்து வெளியே வழிந்து அழுகியதாகவும் சிமா சியான் எழுதுகிறார். தொடர்ந்த போரில் அது காலி. அப்புறம் பதவி விற்பனை வந்தது, காசு கட்டினால் தண்டனைக் குறைப்பு வந்தது. உப்பும் இரும்பும் அரசு ஏகபோகம் ஆயின, அதன் மூளைகளில் ஒருவர் வணிகர் குடும்பத்துச் சாங் ஹோங்யாங். வணிகர்கள் சொத்துக் கணக்குக் கொடுக்க வேண்டும், மறைத்தவனைக் காட்டிக் கொடுப்பவனுக்குப் பாதிச் சொத்து என்று சட்டம் வந்தது. நடுத்தர வணிகர்கள் பெரும்பாலும் அதோடு ஒழிந்தார்கள்.

இதில் வினோதம், வெள்ளை மான்தோல் பணம். அரசத் தோட்டத்து மானின் தோலை ஓரடிச் சதுரமாக வெட்டி, ஒன்று 4,00,000 காசு என்று விலை வைத்தார்கள். பிரபுக்கள் பேரரசரைப் பார்க்க வரும்போது காணிக்கை மணிக்கல்லை அந்தத் தோலின் மேல் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கல்லின் விலை சில ஆயிரம், அதை வைக்கும் தோல் நாலு லட்சமா என்று கேட்டார் வேளாண் அமைச்சர் யான் யி. பேரரசருக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஒருநாள் யான் யியின் வீட்டில் விருந்தாளி ஒருவர் புதிய ஆணையைக் குறை சொல்ல, இவர் பதில் பேசவில்லை, உதடு மட்டும் லேசாக அசைந்தது. வயிற்றுக்குள்ளேயே அரசை விமர்சித்தார் என்று குற்றம் சாட்டிக் கொன்றார்கள். இந்த ஒரு சம்பவத்தை வைத்தே ஒரு முழு அத்தியாயம் எடுக்கலாம்.

வூவின் ஆட்சி முடியும்போது நாட்டின் குடிக்கணக்கு பாதியாகக் குறைந்துவிட்டது என்கிறது ஹான் வரலாறு. பாதியும் செத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிப் பதிவேட்டில் இல்லாமல் போனவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

சிமா சியானுக்கு என்ன தண்டனை? ஏன்?

கி.மு. 99இல் லி குவாங்கின் பேரன் லி லிங் 5,000 காலாட்களோடு புல்வெளிக்குள் போய், பல மடங்கு பெரிய குதிரைப்படையிடம் நாள்கணக்காகப் போராடி, அம்பு தீர்ந்த பிறகு சரணடைந்தார். அரசவை முழுக்க அவரைத் திட்டியபோது சிமா சியான் ஒருவர்தான் பரிந்து பேசினார். மரண தண்டனைக்குரிய குற்றம் என்றார்கள். பணம் கட்டித் தப்பிக்க வழி இருந்தது, அவரிடம் பணம் இல்லை. ஆண்மை நீக்கம் செய்துகொண்டால் உயிர் மிஞ்சும் என்ற நிலை. நூல் முடியவில்லையே என்பதற்காக அந்த அவமானத்தை ஏற்றுக்கொண்டதாக நண்பர் ரென் ஆனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. தொடரின் முதல் காட்சியில் பேரரசருக்கு எதிரே இருப்பவர் இந்த மனிதர் என்பது தெரிந்தால் காட்சியே வேறு மாதிரி ஆகிவிடும்.

கடைசியில் பொம்மை தோண்டுகிறார்களே, ஒன்றும் புரியவில்லை.

குற்றம் உங்களுடையதில்லை, தொடர் அங்கே அவசரப்படுகிறது. கி.மு. 91 சூனிய வழக்கை நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பேரரசருக்கு வயது அறுபதைத் தாண்டி வருடங்கள் ஆகிவிட்டன. நோய், கெட்ட கனவு, எல்லார் மீதும் சந்தேகம். யாரோ மரப்பொம்மை புதைத்துத் தனக்குச் சூனியம் வைக்கிறார்கள் என்று நம்பினார். விசாரணையை ஜியாங் சோங் என்பவரிடம் கொடுத்தார். அந்த ஆளுக்கும் பட்டத்து இளவரசர் லியூ ஜூவுக்கும் பழைய பகை. நாளை இளவரசர் அரியணை ஏறினால் தன் தலை தப்பாது என்று அவனுக்குத் தெரியும். பட்டத்தரசி வெய் ஜிஃபூவின் அரண்மனையையும் இளவரசர் அரண்மனையையும் கட்டில் போட இடமில்லாத அளவுக்குத் தோண்டினான். இளவரசர் இடத்தில் பொம்மை கிடைத்ததாக அறிவித்தான்.

பேரரசர் அப்போது ஊரில் இல்லை, கான்சுவான் கோடை அரண்மனையில் இருந்தார். மகனால் நேரில் விளக்கம் சொல்ல முடியவில்லை. அப்பா உயிரோடுதான் இருக்கிறாரா என்பதே தெரியவில்லை. இளவரசர் ஜியாங் சோங்கைப் பிடித்து வெட்டினார். தப்பி ஓடியவர்கள் பேரரசரிடம் போய், மகன் கலகம் செய்கிறார் என்றார்கள். சாங்கான் தெருக்களில் ஐந்து நாள் சண்டை, பல்லாயிரம் பேர் சாவு. வெய் ஜிஃபூ 38 ஆண்டு பட்டத்தரசியாக இருந்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். இளவரசர் கிழக்கே ஹூ என்ற ஊருக்கு ஓடி, செருப்பு விற்றுப் பிழைக்கும் ஓர் ஏழை வீட்டில் ஒளிந்தார். ஆள்கள் சூழ்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தூக்கில் தொங்கினார்.

உண்மை மெல்லத்தான் வெளியே வந்தது. காவ்ட்சுவின் சமாதியைக் காக்கும் சாதாரண அதிகாரி ஒருவர், அப்பாவின் படையை வைத்து மகன் விளையாடினால் அதற்குத் தண்டனை பிரம்படிதானே என்று மனு எழுதினார். அதைப் படித்துத்தான் கிழவர் உடைந்தார். ஜியாங் சோங்கின் குலத்தையே அழித்தார். மகன் இறந்த ஊரில் மகனை எண்ணும் மாளிகை என்று ஒன்று கட்டினார், திரும்பி வரும் வழி பார்க்க ஒரு மேடையும் கட்டினார்.

அந்தக் குடும்பத்தில் தப்பியது சிறையில் கிடந்த ஒரு கைக்குழந்தை மட்டும், லியூ ஜூவின் பேரன். பிங் ஜி என்ற சிறை அதிகாரி பெண் கைதிகளை வைத்துப் பாலூட்டி வளர்த்தார். பின்னொரு நாள் சிறையில் உள்ள எல்லாரையும் கொல்லச் சொல்லி ஆணை வந்தபோது கதவைத் திறக்க மறுத்தார். அந்தக் குழந்தைதான் கி.மு. 74இல் சுவான் பேரரசராக அரியணை ஏறியது.

பேரரசர் கடைசியில் மன்னிப்புக் கேட்டாரா?

கி.மு. 89இல், மேற்கே லுன்தாயில் படைக் குடியிருப்பு அமைக்கலாம் என்று சாங் ஹோங்யாங்கும் மற்றவர்களும் கேட்டபோது மறுத்து ஓர் ஆணை வெளியிட்டார். போன படையெடுப்புகளின் இழப்பை நினைத்து வருந்தினார், மக்கள் மீது மேலும் பாரம் ஏற்றக் கூடாது என்றார். மொத்த ஆட்சிக்கும் மன்னிப்பா, மேற்குக் கொள்கையில் மட்டும் ஒரு திருத்தமா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

மனம் மாறிய கிழவர்தான் மறு வருடம் கடைசி மகனின் தாய் கோயி சீமாட்டி சாகக் காரணமானார் என்பதையும் மறக்க வேண்டாம். வாரிசு சின்னப் பையன், தாய் இளம் வயது. தாய் அதிகாரத்தைப் பிடித்துவிடுவாள் என்ற பயம். தோவ் பாட்டியின் நிழலில் ஆறு ஆண்டு காத்திருந்த பேரனாயிற்றே! பையனுக்குக் காவலாக ஹுவோ சூபிங்கின் தம்பி ஹுவோ குவாங்கை வைத்தார். கூட நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர் சியோங்னு இளவரசராகப் பிறந்து அடிமையாக வந்த ஜின் மிடி.

இந்தக் கதைக்கும் இந்தியாவுக்கும் தமிழகத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, இரண்டு இடத்தில்.

ஜாங் சியான் என்ற தூதரை வூ மேற்கே அனுப்பினார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கிளம்பியவர் சியோங்னுவிடம் சிக்கிப் பத்தாண்டு கிடந்தார், அங்கேயே கல்யாணம் செய்து பிள்ளையும் பெற்றார். பிறகு தப்பி ஆக்ஸஸ் நதிக்கரை வரை போனார். 13 ஆண்டு கழித்து நாடு திரும்பியபோது புறப்பட்டவர்களில் மிஞ்சியது இருவர். பாக்ட்ரியா (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பக்கம்) சந்தையில் தென்மேற்குச் சீனத்து மூங்கிலையும் துணியையும் பார்த்து, எப்படி வந்தது என்று கேட்டார். இந்தியாவில் வாங்கினோம் என்றார்கள் வணிகர்கள். சீன எழுத்தில் இந்தியா நமக்குத் தெரிந்து முதன்முதலில் தலைகாட்டுவது அந்த அறிக்கையில்தான்.

இரண்டாவது கடல் வழி. கி.மு. 111இல் வூவின் படை தெற்கே நான்யுவே நாட்டைப் பிடித்ததும் தென்சீனக் கடல் துறைமுகங்கள் ஹான் கைக்கு வந்தன. அங்கிருந்து மாதக்கணக்கில் கப்பலில் போய்ச் சேரும் ஹுவாங்ஜி என்ற நாட்டைப் பற்றி ஹான் வரலாற்றின் நிலவியல் பகுதி சொல்கிறது. பெரிய நாடு, மக்கள் மிகுதி, வூ காலத்திலிருந்தே காணிக்கையோடு வருகிறார்கள் என்கிறது. பேரரசரின் ஆட்கள் தங்கமும் பட்டும் கொண்டுபோய் முத்தும் மணிக்கல்லும் வாங்கி வந்தார்கள். இந்த ஹுவாங்ஜி காஞ்சிபுரம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து, ஏற்காதவர்களும் உண்டு. தொடரின் கண் பாலைவனப் பாதையிலேயே இருப்பதால் இதை அதில் தேட வேண்டாம்.

சென் பாவோகுவோவுக்கு வயது அதிகமாகத் தெரிகிறதே?

தெரியும். ஐம்பதை நெருங்கும் நடிகர் இருபதுகளில் இருக்கும் பேரரசராக வந்து நிற்கும்போது கொஞ்சம் இடிக்கும். வயது ஏற ஏறச் சரியாகிவிடும். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசும் காட்சிகளில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இது பிடித்துவிட்டது. அடுத்து என்ன பார்க்கலாம்?

இதே ஹூ மெய் 1999இல் எடுத்த யொங்செங் பேரரசர் தொடர், 44 அத்தியாயம். காலம் 18ஆம் நூற்றாண்டு, சிங் வம்சம். போர் குறைவு, வரிபாக்கியும் வாரிசுச் சண்டையும் அதிகம். இதில் ஜிங்காக வந்த ஜியாவ் ஹுவாங் அங்கே கிழவர் காங்ஷி. மகன்களை வரிசையாக நிற்க வைத்து அவர் எடைபோடும் காட்சிகளுக்காகவே உடனே தொடங்கலாம்.